மலையா, கடலா, ஊரா: குமரி மாவட்டத்தில் ஒரு விடுதிப் பேய்க்கு இடம் பார்த்தல்

ஒரு பெண்கள் விடுதி, அதில் பூட்டிக் கிடக்கும் ஓர் அறை, அதைத் திறக்கப்போய்த் தான் யாரென்று தெரிந்துகொள்ளும் பதினைந்து வயதுப் பெண். பழைய மாளிகையும் மறைந்த ரகசியமுமாகப் பயமுறுத்தும் கோதிக் கதையின் இந்தச் சட்டகம் ஐரோப்பாவில் பிறந்தது. பனிமூட்டம், கணப்பு, கூர்வளைவு ஜன்னல் வைத்த கல் மாளிகை எல்லாம் அங்கே ஊரோடு சேர்ந்தே இருந்தன. அதை அப்படியே தூக்கி வந்து கன்னியாகுமரி மாவட்டத்தில் இறக்கினால் முதல் பக்கத்திலேயே பல்லிளித்துவிடும். நாகர்கோவிலில் கணப்பு மூட்டும் வார்டனை எந்த வாசகர் நம்புவார்?

இடத்தை மாற்றினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இந்த மாவட்டம் மூன்று இடங்களைக் காட்டுகிறது: வடக்கே ரப்பரும் கிராம்பும் வளரும் மலையடி, தெற்கே கடற்கரை, நடுவில் பழைய மிஷன் வளாகங்கள் உள்ள ஊர். மூன்றும் ஒன்றுக்கொன்று பஸ்ஸில் போய்வரும் தூரத்துக்குள் வந்துவிடும். ஆனால் ஒவ்வோர் இடத்துக்கும் அதற்கென்று ஒரு பேய் உண்டு, அந்தப் பேய்க்கென்று ஒரு ரகசியம் உண்டு. இடத்தை முதலில் முடிவுசெய்துவிட்டுப் பேயைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கும் நாவல்கள்தான் பத்தாவது அத்தியாயத்தில் மூச்சு வாங்குகின்றன.

மலை

புதிதாக எழுத வருகிறவர்களில் பெரும்பாலானோர் கை வைக்கும் இடம் இதுதான். கீரிப்பாறை, மாறாமலை, பேச்சிப்பாறைப் பக்கம். ஊர்ப் பெயரிலேயே பேச்சி உட்கார்ந்திருக்கிறாள். 1906-ல் முடிந்த அணை, அதன் பின்னால் காடு, ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்தால் அக்டோபரில் வடகிழக்கு. இரண்டு மழையும் பெறுகிற மாவட்டம் என்பதால் வருடத்தில் ஆறேழு மாதத்துக்கு ஈரத்தைக் கதைக்குள் வைத்துக்கொள்ளலாம். குளிரை நம்பாதீர்கள், ஈரத்தை நம்புங்கள். காயாத பாவாடை, தோல் செருப்பில் பூக்கும் பூஞ்சணம், நமுத்துப்போன தீக்குச்சி, காலில் ஏறும் அட்டை: இவை போதும்.

மலையின் பெரிய வசதி ரப்பர் தோட்டம்தான், அதைச் சரியாகத் தெரிந்துகொண்டால். பால்வெட்டு விடியலுக்கு முன் தொடங்கும். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் மரத்துக்குள் அழுத்தம் இருக்கும், பால் நன்றாக ஓடும். அதனால் மூன்று, நான்கு மணிக்கே நெற்றியில் விளக்குக் கட்டிய ஆட்கள் மரத்துக்கு மரம் போவார்கள். ஒருவர் நாளொன்றுக்குச் சுமார் 300 மரம் வெட்டுவார். மாடி ஜன்னலிலிருந்து பார்க்கும் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? நேர்கோட்டில் நட்ட மரங்களுக்கு நடுவே ஒரு வெளிச்சம் நின்று, நகர்ந்து, நின்று, நகர்ந்து போகும். நிற்கும் இடமெல்லாம் ஒரே இடைவெளி. இதை முதல் அத்தியாயத்துப் பேயாக வைத்து மூன்றாம் அத்தியாயத்தில் உடைக்கலாம். உடைத்த பிறகு ஒரு மழைநாளில் அதே வெளிச்சம் வர வேண்டும். மழையில் பொதுவாக வெட்டு கிடையாது. அப்போதுதான் பயம் வரும்.

ரப்பர் காய் முற்றி வெயிலில் வெடிக்கும் சத்தமும் உண்டு, ஓட்டின் மேல் கல் விழுந்த மாதிரி. தை மாதவாக்கில் மொத்தத் தோட்டமும் இலை கொட்டி எலும்பாக நிற்கும். ஐரோப்பியக் குளிர்காலத்தைக் கடன் வாங்க வேண்டிய தேவையே இல்லை.

மலையில் தப்புப் போகும் இடம் மனிதர்கள். காட்டுக்குள்ளிருந்து ஒரு காணிக்காரப் பழங்குடிக் கிழவரைக் கொண்டுவந்து மந்திரம் சொல்ல வைத்து முடிச்சை அவிழ்ப்பது வழக்கமாகிவிட்டது. கொக்கரை என்ற இரும்புக் குழல் கருவியை உரசிப் பாடும் சாற்றுப்பாட்டு அவர்களுடைய சடங்கு. அதை உங்கள் கதாநாயகிக்கு வழிகாட்டும் பலகையாக்குவது மரியாதையும் இல்லை, நல்ல எழுத்தும் இல்லை. இன்னொன்று, மலையில் ரகசியம் வெளியிலிருந்து வருகிறது: காடு, மழை, அந்நிய வெளிச்சம். பெண்ணுக்குள் இருப்பதைத் தோண்ட அது அதிகம் உதவுவதில்லை. விதிவிலக்கு ஒன்று உண்டு. 1964 சிரிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பிவந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இங்கே அரசு ரப்பர் தோட்டங்களில் வேலை தரப்பட்டது. அந்தக் குடும்பத்துப் பெண் ஒருத்தி விடுதியில் இருந்தால், தன் ஊர் எது என்ற கேள்வியே அவளுக்குப் பேய். அப்படி எழுதத் தெரிந்தவர்கள் மலையைத் தாராளமாக எடுக்கலாம்.

கடல்

சுருக்கமாகச் சொன்னால், கடற்கரையில் பிறந்து வளராதவர்கள் இதைத் தொட வேண்டாம். முட்டம் பாறைகளும் கலங்கரை விளக்கமும் படத்தில் அழகு. கதையில் அந்தச் சுழலும் ஒளி நான்காவது முறை வரும்போது வாசகருக்குக் கொட்டாவி வருகிறது.

மணவாளக்குறிச்சி மணலை வைத்து எழுதுபவர்கள் செய்யும் தவறு இன்னும் வேடிக்கை. 1909-ல் ஸ்கோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டார். அதில் தோரியம் உண்டு, கதிர்வீச்சும் உண்டு. ஆனால் அந்த மணல் இருட்டில் பச்சையாக ஒளிராது. கறுப்பும் சிவப்பும் கலந்து சும்மா கிடக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒன்று அதிலிருந்து எப்போதும் கசிந்துகொண்டிருக்கிறது என்பதே போதுமான திகில். மேலே பெயிண்ட் அடிக்க வேண்டியதில்லை.

2004 டிசம்பர் 26-ஐயும் 2017 நவம்பர் 30 ஒக்கி புயலையும் பேய்க் கச்சாப்பொருளாக எடுப்பது பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். திரும்பி வராதவர்களின் வீடுகளில் இன்னும் புகைப்படத்துக்கு மாலை மாற்றுகிறார்கள்.

கடலில் உண்மையாகவே எடுக்கத் தக்கது குமரியம்மனின் கதை. முகூர்த்தம் தவறிக் கல்யாணம் நின்றுபோனது, சமைக்காமல் கிடந்த விருந்து அரிசி மணலாகிப்போனது. பெண்கள் விடுதி நாவலுக்கு இதைவிடப் பொருத்தமான அடிக்கதை மாவட்டத்திலேயே கிடையாது. காத்திருப்பவள் பாவம் என்றுதான் விடுதியில் எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கல்யாணம் நிற்காமல் போயிருந்தால் கன்னியால் மட்டுமே கொல்லக்கூடிய பாணாசுரனை யார் கொன்றிருப்பார்கள் என்று ஒருத்தி மட்டும் கேட்பாள். ஆனால் இந்தக் கதைக்குக் கடலோரக் கட்டடம் தேவையில்லை, உள்ளூர் விடுதியிலும் சொல்லலாம்.

தோவாளைப் பக்கம் காற்றுக்காகச் சிலர் போகிறார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று தென்மேற்குப் பருவத்தில் கதவைப் பெயர்க்கும், உண்மை. ஆனால் இன்று அங்கே ஜன்னலைத் திறந்தால் காற்றாலைகள்தான் தெரியும். கதைக் காலம் பழையதாக இருந்தால் யோசிக்கலாம்.

ஊர்

எங்கள் கை நீளும் இடம் இது. காரணம் கட்டடம் அல்ல, கணக்கு.

லண்டன் மிஷன் சங்கத்தின் ஆட்கள் தென் திருவிதாங்கூருக்கு (இன்றைய குமரி மாவட்டம் அன்று அதில்தான் இருந்தது) வந்தது 1806-ல், மயிலாடிக்கு, ரிங்கல்தௌபே என்ற மிஷனரியோடு. நாகர்கோவிலில் பெண் பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிக்கவைக்கும் பள்ளி 1819–20 வாக்கிலேயே தொடங்கிவிட்டது. மார்த்தா மால்ட் அங்கே எழுத்தோடு சேர்த்து லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். பழைய ஆட்கள் இதை ரேந்தை என்பார்கள், போர்த்துகீசியச் சொல். பின்னிய ரேந்தை விற்று வந்த பணத்தில் அடிமைக் குடும்பத்துப் பெண்கள் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கினார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-ல். அதுவரை ஒரு பெண்ணுக்கு ஒரு விலை இருந்தது.

இதன் பக்கத்திலேயே, ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை உடுத்தும் உரிமைக்கான தோள்சீலைப் போராட்டம். 1820-களில் தொடங்கி, குப்பாயம் என்ற மேற்சட்டை போட்ட பெண்களைச் சந்தையில் இழுத்துக் கிழித்த கலவரங்களைக் கடந்து, 1859 ஜூலை அரச அறிவிப்பில் வந்து நின்றது. அந்த அறிவிப்பும் முழு உரிமை தரவில்லை. குப்பாயம் போடலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது.

இப்போது பூட்டிய அறைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் எலும்புக்கூடு என்று யாராவது சொல்வார்களா? ஒரு ரேந்தைத் தலையணையும் ஒரு கணக்குப் புத்தகமும் இருக்கின்றன. புத்தகத்தில் ஒரு பெயர், பக்கத்தில் ஒரு தொகை, பாதி வரை வரவு, மீதி நிலுவை. அதற்கப்புறம் அந்தப் பெயர் இல்லை. ஞானஸ்நானத்தில் பெயர் மாறியிருக்கலாம், இறந்திருக்கலாம், திருப்பி அனுப்பப்பட்டிருக்கலாம். கதாநாயகியின் வீட்டில் சொல்லப்படாமல் விட்ட பாட்டியின் பாட்டி அவள்தான் என்பது மெதுவாகத் தெரிய வரட்டும். (பெயரையும் தொகையையும் நீங்களே கற்பனை செய்யுங்கள். உண்மையான பள்ளியின் பெயரைப் போடாதீர்கள். விளை, கோடு, புரம் என்று முடியும் ஒரு கற்பனை ஊர் போதும், குமரி வாசகர் தானாக இடத்தைப் பிடித்துக்கொள்வார்.)

ரேந்தை வேலையைச் சரியாகக் காட்ட வேண்டும், இல்லையென்றால் ஊசியும் நூலும் என்று எழுதிவிடுவார்கள். திண்டு போன்ற கெட்டியான தலையணை. அதன் மேல் துளையிட்ட காகித மாதிரி. துளைகளில் குண்டூசி. நூல் சுற்றிய மரக்குச்சிகள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். ஒன்றின் மேல் ஒன்றைத் தாண்டவைத்தும் முறுக்கியும் போவதுதான் பின்னல். பின்னும்போது குச்சியும் குச்சியும் மோதி டக், டக், டக் என்று கேட்கும். வேகம் கூடினால் மழை தூறுவது போலிருக்கும். பேய்க்கு வேறு சத்தமே வேண்டாம். இரவில் இந்தச் சத்தம், காலையில் தலையணையில் மூன்று விரற்கடை நீளம் பின்னல் கூடியிருக்கிறது. எத்தனை விரற்கடையில் கடன் தீரும் என்று பெண் கணக்குப் போடத் தொடங்கும்போது கதை தானாக ஓடும்.

யட்சியா, இசக்கியா

இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைப்பதுதான் இந்த வகைக் கதைகளில் அதிகம் நடக்கும் பிழை. யட்சி பாலைமரத்தடியில் நிற்பாள், சுண்ணாம்பு கேட்பாள், கூடப் போனவனின் நகமும் முடியும் மட்டும் காலையில் கிடக்கும். தலையில் இரும்பாணி அறைந்து அடக்குவார்கள். நாகர்கோவில் பார்வதிபுரத்தருகே கள்ளியங்காட்டு நீலி கதையும் இந்த வழியில் போகும். ஆனால் யட்சிக்கு இரை, தனியே நடக்கும் ஆண். பெண்கள் விடுதியில் அவளுக்கு என்ன வேலை? காவல்காரரை ஒருநாள் தின்றுவிட்டு மீதி இருபது அத்தியாயமும் சும்மா நிற்பாள்.

இசக்கி வேறு. நகைக்காகக் கள்ளிக்காட்டில் கொல்லப்பட்டவள், கள்ளியே சாட்சி என்று சொல்லிச் செத்தவள், மறுபிறப்பில் கள்ளியைப் பிடுங்கிப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நியாயம் கேட்க வந்தவள். வில்லுப்பாட்டில் பாடுவார்கள். குடமும் உடுக்கும் சேர, வீசுகோல் வில்நாணில் விழ, கொலை நடக்கும் இடத்துக்குக் கதை வரும்போது கூட்டத்தில் யாருக்காவது அருள் ஏறும். முப்பந்தலிலும் மேலாங்கோட்டிலும் அவளுக்குக் கோயில் உண்டு. பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுவார்கள், சிவப்புப் பட்டு சாத்துவார்கள், மஞ்சணை பூசுவார்கள். பயமும் பாசமும் ஒரே இடத்தில். பல வீடுகளில் அவளே குலதெய்வம்.

மிஷன் விடுதியில் படிக்கும் பெண்ணுக்கு இதில் ஒரு முள் இருக்கிறது. மதம் மாறிய குடும்பம் விட்டுவந்தவற்றில் இந்த அம்மையும் ஒருத்தி. பெண் பயப்படுவது ஆவிக்கு அல்ல, தன் வீட்டு ஆளுக்கு. வேதத்தைக் கேலி செய்யாமலும் சாமியைக் கேலி செய்யாமலும் இதை எழுத முடியுமா என்பதே சோதனை. ஒன்றைப் பொய்யாக்கி மற்றதை உயர்த்தினால் கதை அங்கேயே பிரசங்கமாகிவிடும்.

பேய்க்குக் கடைசியில் விளக்கம் கொடுப்பதா, விடுவதா? முக்கால்வாசிக்கு விளக்கம் கொடுங்கள். ஓட்டுக் கூரையில் நடக்கும் காலடி மரநாய். அதன் உடம்பிலிருந்து ரம்பை இலையும் புதுச்சோறும் வெந்த மாதிரி ஒரு மணம் வரும். நள்ளிரவில், அடுக்களை பூட்டியிருக்கும்போது, மச்சிலிருந்து சோற்று மணம். இதை மரநாய் என்று உடைத்துவிடலாம். ரேந்தையின் மூன்று விரற்கடையை மட்டும் உடைக்காதீர்கள்.

எந்தக் காலம்

1850-களில் நேராக வைத்தால் ஆராய்ச்சி கழுத்தை நெரிக்கும், பேச்சுமொழியும் பொய்யாகிவிடும். இன்றைக்கு வைத்தால் மொபைலும் சிசிடிவியும் பேயைப் பாதியில் பிடித்துவிடும். போதாததற்கு, தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகள் விடுதிகளை முறைப்படுத்தும் சட்டம் 2014-ல் வந்த பிறகு உரிமம், பதிவேடு, சோதனை எல்லாம் உண்டு. ஐம்பது வருடமாகப் பூட்டிய அறை என்றால் அதிகாரி முதலில் அதைத்தான் திறக்கச் சொல்வார்.

1980-கள் சரியாக உட்காரும். மின்சாரம் உண்டு, அடிக்கடி போகும். வீட்டுக்கு இன்லண்ட் லெட்டர் மட்டும், அதையும் வார்டன் பிரித்துப் படித்த பிறகே. ரகசியத்தை யாரிடமும் சொல்ல முடியாத நிலை தானாகவே கிடைக்கிறது, கட்டாயமாகப் புகுத்த வேண்டியதில்லை.

எழுத உட்காரும் முன்

ஒரு தாளில் கட்டடத்தை வரைந்துகொள்ளுங்கள். கருங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, ஓட்டுக் கூரை, நடுவே மச்சு. ஒரே நீள அறையில் இரண்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு கட்டில், கட்டிலடியில் டிரங்குப் பெட்டி. இருபத்துநாலு பெண்களில் ஏழு பேருக்கு மேல் பெயர் கொடுத்தால் வாசகர் தொலைந்துபோவார். குளியலறை கட்டடத்துக்கு வெளியே, முற்றத்தைத் தாண்டி. இரவில் அங்கே போவது எப்போதும் இரண்டு பேர், ஒருத்தி உள்ளே இருக்கையில் மற்றவள் வெளியே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது விடுதி வழக்கம். பேச்சு நின்றுபோகும் ஒரு நொடி உங்களுக்கு இலவசமாகக் கிடைத்திருக்கிறது.

அப்புறம் மணி. தொங்கும் தண்டவாளத் துண்டு, இரும்புக் கம்பியால் ஓர் அடி. 5 மணி எழும்ப, 5.30 குளி, 6 ஜெபம், 6.30 முதல் 8 வரை படிப்பு, ராத்திரி 9.30-க்கு விளக்கு அணைப்பு. இந்த அட்டவணையை முதல் ஐம்பது பக்கத்தில் ஒருமுறைகூட மீறாதீர்கள். மணிக்குப் பழகிய வாசகருக்குத்தான் 2.10-க்கு ஒலிக்கும் ஓர் அடி வயிற்றைக் கலக்கும். அட்டவணையில்லாத விடுதியில் எந்தச் சத்தமும் எந்த நேரத்திலும் வரலாம், அதனால் எதுவும் பயமில்லை.

பேச்சில் மலையாளத்தை அள்ளிப்போட்டால் குமரி ஆகிவிடாது. விளவங்கோட்டுப் பிள்ளையும் அகஸ்தீஸ்வரத்துப் பிள்ளையும் பேசுவது ஒன்றல்ல, ஒரே விடுதியில் அந்த வித்தியாசமே கேலிக்கும் நட்புக்கும் வழி. "மக்கா, எனக்கு ஒறக்கம் வரல்ல" என்று ஒருத்தி சொன்னால் போதும், ஊர் வந்துவிடும். சமையற்காரம்மா "ஏட்டி, இஞ்ச என்ன செய்யுத?" என்று கேட்கலாம். வார்டன் அப்படிக் கேட்க மாட்டார், அவர் புத்தகத் தமிழில்தான் அதட்டுவார். அவர் ஒரே ஒருமுறை ஊர்ப் பேச்சுக்கு வழுக்கும் இடம் எது என்பதை முன்கூட்டியே குறித்து வையுங்கள். அந்த இடத்தில் அவரும் எதையோ மறைக்கிறார் என்று தெரியும். சாப்பாடு: சம்பா அரிசிக் கஞ்சி, பயறு, வாரம் இருமுறை மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஏதாவது விசேஷம்.

முடிவில் ஒரு சிக்கல் வரும். ஐரோப்பியக் கதையில் வீடு எரியும், பேய் போகும். இங்கே பேயை யாரும் ஓட்டி அனுப்புவதில்லை. அவளுக்கு ஓர் இடம் பார்த்து, நிலையம் போட்டு, வருடத்துக்கு ஒரு கொடை கொடுத்து உட்கார வைப்பார்கள். மிஷன் வளாகத்துக்குள் அவளுக்கு வழிபாட்டுப் பூடம் கட்ட முடியாது. அவளை எங்கே உட்கார வைப்பது? இரவு 9.15-க்கு வார்டன் வாசிக்கும் வருகைப் பதிவேடு ஒரு வழி. இருபத்துநாலு பெயர், இருபத்துநாலு "உள்ளேன் டீச்சர்". அதன் கீழே யாரோ இருபத்தைந்தாவதாகக் கணக்குப் புத்தகத்துப் பழைய பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள். வார்டன் அதை வாசித்தால் நாவல் அவருடைய ஒப்புதல் வாக்குமூலமாக முடியும். அவர் தாண்டிப் போய், பெண்ணே எழுந்து அந்தப் பெயருக்கு "உள்ளேன்" சொன்னால் கதை அவளுடையதாகும். இரண்டில் எதுவானாலும் சரி, பின்னால் கட்டில் வரிசையிலிருந்து மூன்றாவது குரல் எதுவும் பதில் சொல்லக்கூடாது.